வாக்குத்தத்தப் பெட்டி: பொறுமைக்கு உதவுமா? எதைப் பார்த்து வாங்குவது?

கிறிஸ்தவப் புத்தகக் கடைகளிலும் கன்வென்ஷன் பந்தல் ஸ்டால்களிலும் வேளாங்கண்ணிக் கடைத்தெருவிலும் கிடைக்கிற சிறு பொருள்தான் வாக்குத்தத்தப் பெட்டி. உள்ளே தேவனுடைய வாக்குறுதிகளைச் சொல்லும் வேதாகம வசன அட்டைகள் இருக்கும். காலையில் ஒன்றை எடுத்து வாசித்துவிட்டு வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் பரிசாகவே வீட்டுக்கு வரும். பிறகு டிவி ஸ்டாண்டின் மேல் தூசி படிந்து கிடக்கும்.

கரன்ட் போன நேரம், ஓடிபி வராத நேரம், ரேஷன் கடை மெஷின் கைரேகையை எடுக்காத நேரம், பிள்ளை மூன்றாவது தடவையாகப் பாலைக் கொட்டிய நேரம். இப்படிப்பட்ட நேரங்களில் எரிச்சல் வாய் வரை வந்துவிடாமல் இருக்கவும், அதற்கு நடுவிலேயே கர்த்தருக்குள் சந்தோஷமாக இருக்கவும் இந்தப் பெட்டி உதவுமா? உதவும். ஆனால் வாங்கி வந்த நிலையிலேயே உதவாது. பிரித்து, சலித்து, இடம் மாற்றி வைத்தால்தான் உதவும். இந்த விமர்சனம் முழுவதும் அதைப் பற்றியதுதான்.

மூன்று வடிவங்கள் கிடைக்கின்றன. ரொட்டித் துண்டு போலச் செய்த பிளாஸ்டிக் பெட்டியில் அட்டைகளைச் செங்குத்தாக அடுக்கியது ஒன்று. மூடி போட்ட மரப்பெட்டி இன்னொன்று. விரல் நீளத்துக்குச் சுருட்டிய காகிதச் சுருள்கள் நிறைந்த டப்பா மூன்றாவது. சுருள் வகையை வாங்க வேண்டாம். விரித்தால் மறுபடி சுருண்டுகொள்ளும், சுவரில் ஒட்டாது, பர்ஸில் நிற்காது, இரண்டு மாதத்தில் ஓரம் கிழியும். மரப்பெட்டி பார்க்க அழகு. ஆனால் கொடுக்கிற காசில் பெரும்பங்கு மரத்துக்குப் போகிறது, நமக்கு வேண்டியதோ அட்டை. ரொட்டி வடிவப் பிளாஸ்டிக் போதும். இடுக்கி இல்லாமல் இரண்டு விரலால் அட்டையை உருவ முடிகிறதா என்று மட்டும் கடையிலேயே பாருங்கள். இறுக்கமாக அடைத்த பெட்டியில் ஒன்றை இழுத்தால் நாலு வரும், மூலை மடங்கும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்: அட்டையில் என்ன இருக்கிறது?

கடைக்காரர் அனுமதித்தால் ஏதாவது பத்து அட்டைகளை எடுத்து வாசித்துப் பாருங்கள். பெயரே வாக்குத்தத்தப் பெட்டி என்பதால் ‘தருவேன்’, ‘ஆசீர்வதிப்பேன்’, ‘பெருகப்பண்ணுவேன்’ என்று முடியும் வசனங்கள்தான் அதிகம் இருக்கும். அவை தேவனுடைய வார்த்தைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சிலிண்டர் வராமல் பாதி சமையலில் நிற்கிறவருக்கு ‘உன்னைப் பெருகப்பண்ணுவேன்’ என்ற அட்டை வந்தால் அந்த நிமிடத்தில் அவர் என்ன செய்வது? அங்கே வேண்டியது சங்கீதம் 141:3: “கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்.” இது வாக்குத்தத்தம் அல்ல, ஜெபம். அதனாலேயே பல பெட்டிகளில் இது இருக்காது. பத்தில் குறைந்தது இரண்டு ஜெபமாகவோ கட்டளையாகவோ இருந்தால் அந்தப் பெட்டியை வாங்கலாம். பத்தும் ஆசீர்வாதமாகவே இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்து, வெட்டப்பட்ட வசனங்கள். அட்டை சிறியது என்பதால் வசனத்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், பொறுமையைச் சொல்லும் பாதியே பெரும்பாலும் போய்விடுகிறது. மூன்றைச் சோதித்தாலே பெட்டியின் தரம் தெரிந்துவிடும்.

ஏசாயா 40:31. ‘புதுப்பெலன் அடைந்து, கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள்’ என்பது மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறதா, அல்லது “கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ” என்ற தொடக்கமும் சேர்ந்து இருக்கிறதா? காத்திருப்பு இல்லாத கழுகு அந்த வசனத்தில் இல்லை.

பிலிப்பியர் 4:13. “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு.” பரீட்சைக்கும் இன்டர்வியூவுக்கும் கொடுக்கிற அட்டை இது. ஆனால் பவுல் இதற்கு இரண்டு வசனம் முன்னால் சொல்லிக்கொண்டிருப்பது வேறு: “நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்.” காவலில் கட்டுண்டு இருந்தவர் எழுதிய கடிதம் இது. குறைவிலும் நிறைவிலும் ஒரே மனதோடு இருக்கக் கிடைத்த பெலனைத்தான் அவர் சொல்கிறார். ‘கற்றுக்கொண்டேன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அப்போஸ்தலனுக்கே அது கூடப் பிறந்த குணம் அல்ல. இந்த அட்டையின் பின்பக்கத்தில் 11-ஆம் வசனத்தைக் கையால் எழுதிவிட்டால் அது பொறுமை அட்டையாகிவிடும்.

எரேமியா 29:11. “நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்” என்று எல்லாப் பெட்டியிலும் இருக்கும். முந்தின வசனம் எழுபது வருஷத்தைப் பற்றியது. பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களிடம், இங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று சொல்லி அனுப்பிய கடிதத்தின் நடுவில் வருகிற வரி இது. அடுத்த வாரமே எல்லாம் சரியாகிவிடும் என்று இதை வாசிக்கிறவர், ஆகாதபோது சோர்ந்து போகிறார். அதற்கு வசனம் காரணமல்ல, வெட்டிய விதம்தான் காரணம்.

மொழிபெயர்ப்பையும் பார்த்து வாங்க வேண்டும். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே வீடுகளில் பழைய திருப்புதல்தான் (புராட்டஸ்டன்ட் சபைகளின் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு) காதில் பழகியது. கத்தோலிக்க வீடுகளில் 1995-இல் வந்த திருவிவிலியம். ஒன்றில் ‘சங்கீதம்’ என்பது இன்னொன்றில் ‘திருப்பாடல்கள்’. மனப்பாடம் செய்யப் போகிறீர்கள் என்றால் ஆராதனையில் காதில் விழும் மொழியிலேயே அட்டை இருக்கட்டும். இரண்டும் கலந்தால் கோபம் வந்த நேரத்தில் வரி நாவில் தடுக்கும். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் மணந்துகொண்ட வீடுகளில் இரண்டு பெட்டி வைத்துக்கொள்வதே நல்லது.

எழுத்துப்பிழை பெரிய தொல்லை. பழைய ஃபான்டில் தட்டச்சு செய்ததை யுனிகோடுக்கு மாற்றும்போது புள்ளியும் துணைக்காலும் உதிர்ந்துபோகும். தட்டச்சு செய்கிறவர் தவறினால் ‘பொறுமை’ ‘பொருமை’ ஆகிவிடும். வசன எண்ணும் தவறியிருக்கலாம். வாங்கிய அன்றே வேதாகமத்தை எதிரில் வைத்துக்கொண்டு ஓர் அட்டையும் விடாமல் ஒத்துப் பாருங்கள். நூறு அட்டைக்கு இரண்டு மணி நேரம் ஆகும். இதைக் குடும்பமாகச் செய்தால், எந்த வசனம் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு வேதாகமத்தைப் புரட்டத் தெரிந்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

காகிதம்: 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) வேண்டும். அதற்குக் குறைந்தால் மழைக்காலத்தில் அப்பளம் போல வளையும். பளபளப்பான ஆர்ட் கார்டில் பால்பாயின்ட் மை ஒட்டாமல் இழுபடும், ஆகவே மேட் வகை நல்லது. பின்பக்கம் வெறுமையாக இருப்பது மிக முக்கியம். சில பெட்டிகளில் பின்பக்கமும் ரோஜாப்பூ, சூரிய உதயம் என்று நிரப்பியிருப்பார்கள். அவை வேண்டாம். பின்பக்கம் எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

சீட்டு எடுக்கிற பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் கண்ணை மூடி ஓர் அட்டையை எடுப்பது ஐரோப்பாவின் பக்தி இயக்கத்தார் வழியே வந்த பழைய பழக்கம். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் மொராவிய சபையார் (ஒரு புராட்டஸ்டன்ட் சபையினர்) 1728-இல் தினமும் ஒரு வார்த்தையை வீடு வீடாகச் சொல்லத் தொடங்கினார்கள், 1731 முதல் அது ஆண்டுப் புத்தகமாக அச்சாகிறது. இன்றும் அதன் பழைய ஏற்பாட்டு வசனங்களைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அதற்குப் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனத்தை ஒருவர் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுக்கிறார். அந்த மொராவியர் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறியவர்கள். அவர்கள் செய்ததில் பாதியை, சீட்டு எடுப்பதை மட்டும், நம் பெட்டி எடுத்துக்கொண்டது. தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் மறுபாதி விட்டுப்போயிற்று. ‘நல்லது’ வரும்வரை இரண்டாவது, மூன்றாவது அட்டை எடுக்கிற பழக்கம் இந்த இடைவெளியில்தான் நுழைகிறது. அப்படி எடுப்பது கிளி ஜோசியத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. பெட்டியை அப்படிப் பயன்படுத்த வேண்டாம்.

மாறாக, பிரித்து வையுங்கள். எப்படிப் பிரிப்பது என்று கொலோசெயர் 1:11 சொல்லித் தருகிறது: “சந்தோஷத்தோடேகூடிய எல்லாப் பொறுமையும் நீடியசாந்தமும்.” மூலக் கிரேக்கத்தில் இங்கே இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. முதலாவது ஹுப்பொமொனே, பாரத்தின் கீழ் நிலைத்து நிற்பது. சூழ்நிலை நெருக்கும்போது வேண்டிய பொறுமை இது. இரண்டாவது மக்ரொத்தூமியா, கோபம் மூள நெடுநேரம் எடுத்துக்கொள்வது. மனிதர் நெருக்கும்போது வேண்டியது இது. கலாத்தியர் 5:22-இல் ஆவியின் கனிகளில் ஒன்றாக வரும் நீடியபொறுமை இந்த இரண்டாவது சொல்தான். அங்கே அதற்கு இரண்டு சொல் முன்னால் சந்தோஷம் நிற்கிறது. இங்கே கொலோசெயரிலும் சந்தோஷத்தோடுதான் வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு சகிப்பதை வேதம் பொறுமை என்று கணக்கில் வைக்கவில்லை என்பது இந்த இரண்டு வசனங்களிலேயே தெரிகிறது.

ஆகவே ரப்பர் பேண்ட் போட்டு மூன்று கட்டு.

முதல் கட்டு, காரியங்கள் தாமதமாகும்போது. யாக்கோபு 1:2, 3, ரோமர் 5:3, 4, ரோமர் 12:12, புலம்பல் 3:26, ஏசாயா 40:31. தண்ணீர் லாரி, பஸ், கரன்ட், பாஸ்போர்ட், ஆஸ்பத்திரி வரிசை எல்லாம் இதற்குள் வரும். சொல் இரண்டாவது வகையானாலும் காத்திருப்பு மழைக்கு என்பதால் யாக்கோபு 5:7-உம் இங்கேதான் பொருந்துகிறது: “பயிரிடுகிறவன் பூமியின் நற்பலனை அடையவேண்டுமென்று, முன்மாரியும் பின்மாரியும் வருமளவும், நீடியபொறுமையோடே காத்திருக்கிறான்.” டெல்டாவில் மேட்டூர்த் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்த வசனத்துக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

இரண்டாம் கட்டு, மனிதர் எரிச்சலூட்டும்போது. நீதிமொழிகள் 15:1, “மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்”, நீதிமொழிகள் 16:32, யாக்கோபு 1:19, எபேசியர் 4:2, எபேசியர் 4:26, 1 கொரிந்தியர் 13:4, சங்கீதம் 141:3.

மூன்றாம் கட்டு சந்தோஷத்துக்கு. பிலிப்பியர் 4:4, நெகேமியா 8:10, சங்கீதம் 118:24, ஆபகூக் 3:17, 18. ஆபகூக்கை வெட்டாமல் முழுதாக வைக்க வேண்டும். அத்திமரம் துளிர்விடவில்லை, தொழுவத்தில் மாடில்லை என்று இல்லாதவற்றை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுத்தான் தீர்க்கதரிசி “நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்” என்று திரும்புகிறான். பட்டியலை விட்டுவிட்டுக் கடைசி வரியை மட்டும் அச்சடித்த அட்டை பாதிச் சத்தியத்தைத்தான் சொல்கிறது.

மற்ற அட்டைகளை வீணாக்க வேண்டாம். பெட்டியிலேயே இருக்கட்டும், அவற்றுக்குரிய நாட்கள் வரும்.

இனி இடம். அட்டை பெட்டிக்குள் இருந்தால் கோபம் வரும்போது கைக்கு வராது. எரிச்சல் வழக்கமாக எந்த இடத்தில் வருகிறதோ அந்த இடத்திலேயே அட்டை இருக்க வேண்டும். அடுப்புக்குப் பின்னால் உள்ள டைல்ஸில் ஒன்று (லேமினேட் செய்தது, இல்லாவிட்டால் தாளிக்கிற எண்ணெய் ஏறிவிடும்). ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஆர்.சி. புக் கவரில் ஒன்று. ரேஷன் கார்டோடு ஒன்று. மொபைல் கவரின் பின்பக்கம் ஒன்று. பிள்ளைக்கு ஹோம்வொர்க் சொல்லித்தரும் மேஜையில் ஒன்று. ஒரே நேரத்தில் ஐந்துக்கு மேல் வேண்டாம், கண் பழகிவிட்டால் சுவரோடு சுவராகிவிடும். பத்து நாளுக்கு ஒரு முறை இடங்களை மாற்றிப் போடுங்கள்.

அட்டையை நம்பி மனப்பாடத்தை விட்டுவிட்டால்தான் இந்த முறை தோற்கிறது. கோபம் தலைக்கேறிய பிறகு யாரும் நிதானமாக எழுத்துக் கூட்டி வாசிப்பதில்லை. வரி ஏற்கெனவே உள்ளே இருக்க வேண்டும், அதைத் தட்டி எழுப்புவதுதான் அட்டையின் வேலை. வாரத்துக்கு ஒரு வசனம் போதும். முதல் மூன்று நாள் காலை, மதியம், இரவு மும்மூன்று தடவை சத்தமாக வாசிக்க வேண்டும். நாலாம் நாள் பின்பாதியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு சொல்லிப் பாருங்கள். ஆறாம் நாள் அட்டையைத் திருப்பி வைத்துவிட்டுச் சொல்லுங்கள். எரிச்சல் வருகிற கணத்தில் செய்ய வேண்டியது மூன்றுதான்: வாயை மூடுவது, ஒரு மூச்சு விடுவது, வசனத்தை உதடு அசைய ஒரு தடவை சொல்வது. பிறகு பேசலாம். சங்கீதம் 141:3-ஐச் சொல்லி முடிக்கச் சில விநாடிதான் ஆகும். வாயிலிருந்து விழ இருந்த வார்த்தை பெரும்பாலும் அதற்குள் திரும்பிப் போய்விடும்.

இதே வேலையை மொபைல் செயலி செய்யாதா என்று கேட்பார்கள். காலை வாசிப்புக்குச் செயலி நல்லதே. ஆனால் வசனம் வருகிற திரையிலேயே அலுவலக வாட்ஸ்அப்பும் வருகிறது. அட்டையில் வேறு எதுவும் வராது.

தவறாகப் பயன்படுவது இரண்டு விதம். ஒன்று, மற்றவருக்காக அட்டை வைப்பது. மாமியார் மருமகளுக்குத் தெரியும்படி ஃப்ரிட்ஜில் “கோபிக்கிறதற்குத் தாமதமாயும்” என்று ஒட்டினால் அது வசனம் அல்ல, குத்தல். வீட்டில் சண்டை கூடுமே தவிரக் குறையாது. ஒவ்வொருவரும் தன் அட்டையைத் தானே எடுத்து, தன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது இதைவிடக் கனமானது. அடி வாங்குகிற மனைவிக்கு, சம்பளம் பிடித்து வைக்கப்பட்ட வேலையாளுக்கு, ‘பொறுமையாயிருங்கள்’ என்று அட்டை கொடுப்பது பாவம். அங்கே வேதம் கேட்பது வேறு. லூக்கா 18-இல் நியாயாதிபதியிடம் விடாமல் போய் நியாயம் கேட்ட விதவையை ஆண்டவர் மெச்சிக் காட்டுகிறார். வேலையாட்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது, பொறுமையைச் சொல்லும் 5:7-க்கு மூன்று வசனம் முன்னால். வீட்டில் வன்முறை இருந்தால் 181 என்ற மகளிர் உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும். அதை ஓர் அட்டையில் பெரிதாக எழுதிப் பெட்டிக்குள் போட்டுக் கொடுக்கிற போதகர் இருந்தால், அந்தப் பெட்டி விலைமதிப்பற்றது.

கடையில் சரியான பெட்டி கிடைக்கவில்லையென்றால் நீங்களே செய்துகொள்ளலாம், கடினமில்லை. 300 ஜி.எஸ்.எம். மேட் ஏ4 தாள் நாலு வாங்குங்கள். 9 செ.மீ. × 5 செ.மீ. அளவில் ஒரு தாளுக்குப் பத்து அட்டை வரும், நாலு தாளுக்கு நாற்பது. ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரின்ட் எடுக்க வேண்டும். வீட்டு இங்க்ஜெட் மை ஈரக்கை பட்டாலே கலையும். எழுத்து 14 புள்ளிக்குக் குறைய வேண்டாம், அதிலும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் 16. எழுதுகிற கை நன்றாக இருந்தால் பிரின்ட்டே வேண்டாம். தாத்தா பாட்டி கையெழுத்தில் உள்ள அட்டையைப் பேரப்பிள்ளைகள் தொலைப்பதில்லை. அடுப்படிக்கு வைக்கிற ஒன்றை மட்டும் லேமினேட் செய்யுங்கள், மற்றவற்றின் பின்பக்கம் எழுத வேண்டியிருக்கும்.

அந்தப் பின்பக்கம் இரவுக்கானது. படுக்குமுன் அந்த வாரத்து அட்டையைத் திருப்பி, தேதியும் ஒரே ஒரு வரியும் எழுத வேண்டும்: அன்றைக்கு எரிச்சல் வந்த இடம், அதே இடத்தில் கிடைத்த ஒரு நன்மை. ‘பஸ் வரல. பக்கத்துல நின்ன அம்மா முறுக்கு குடுத்தாங்க’ என்கிற அளவுக்குப் போதும். ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் ஏழு வரிதான் பிடிக்கும், ஒரு வாரத்துக்கு அது கச்சிதம். எதுவும் தோன்றாத நாளில் தேதியை மட்டும் போட்டுவிட்டு விளக்கை அணைத்துவிடலாம், இட்டுக்கட்டி நிரப்ப வேண்டாம். நிரம்பிய அட்டை மறுபடி பெட்டிக்குள் போகட்டும். அதே வசனம் பல மாதம் கழித்துக் கைக்கு வரும்போது முன்பக்கத்தை வாசித்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள்.